வளைவுக்கு முன்பே பிரேக்

என் மனைவி பல் டாக்டர். கரமனையில் எங்கள் தெருவிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு கிளினிக்கில் வேலை பார்க்கிறாள். அவள் கை கனமில்லாதது என்று பெயர். ஊசி போட்டதே தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டு எழுந்து போகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். அந்தக் கையால் ஒருநாள் ரேஸ் வண்டி ஓட்டுவாள் என்று கல்யாணத்தின்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

கிளினிக்கிலிருந்து எல்லோரும் பொன்முடிக்கு ஒருநாள் சுற்றுலா போனதில்தான் அது ஆரம்பித்தது. மலை ஏறுவதற்கு முன், கல்லாற்றுக்குப் பக்கத்தில், ஒருவர் பழைய ரப்பர் தோட்டத்தில் பாதியை வெட்டி மண் பாதை போட்டுக் குவாட் பைக் ஓட்ட விட்டிருந்தார். மோட்டார் சைக்கிளின் ஹேண்டிலையும் சீட்டையும் எடுத்து நாலு தடித்த சக்கரங்களின் மேல் வைத்ததுபோல இருக்கும் வண்டி அது. மற்றவர்கள் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்களாம். இவள் இறங்கவே இல்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது காதுமடல் வரை செம்மண். கண்ணில் ஒரு வெளிச்சம். அதற்கு முன்னால் அப்படி ஒரு வெளிச்சத்தை அவளிடம் பார்த்தேனா என்று எனக்கு ஞாபகம் இல்லை.

அதற்கப்புறம் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அந்தத் தோட்டத்துக்குப் போயின. விடிந்ததும் காரை எடுத்து, நெடுமங்காடு, விதுரா என்று போய்ச் சேர்ந்தால் திரும்பி வர இருட்டிவிடும். முதலில் வாடகை வண்டி. பிறகு சொந்தமாகவே ஒன்று வாங்கி, அங்கேயே ஷெட்டில் நிறுத்திவைத்தாள். நான் கூடப் போவேன். பாதைக்குக் கீழே ஆற்றோரமாக ஒரு டீக்கடை உண்டு. அங்கே உட்கார்ந்து பேப்பர் படிப்பேன். என்னைப் பொறுத்தவரை அது மோசமான ஏற்பாடு இல்லை.

மோசமானது ஜோடி ரேஸ் அறிவித்தபோதுதான். ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு பேர், மாறி மாறிச் சுற்ற வேண்டும். அவள் ராத்திரி சாப்பாட்டின்போது அதைச் சொன்னாள். சொல்லிவிட்டு, நம் இரண்டு பேர் பெயரையும் கொடுத்துவிட்டேன் என்றாள். நான் கையில் எடுத்த சாதத்தை வாயில் போட்டுக்கொண்டேன். மென்று விழுங்குவதற்குள் மறுப்புச் சொல்வதற்கான நேரம் போய்விட்டது. "உங்களுக்கும் இஷ்டம்தானே?" என்று கேட்டாள். ஆம் என்று தலையாட்டினேன். பயிற்சிக்கு எனக்கும் ஒரு வாடகை வண்டி ஏற்பாடாயிற்று.

எனக்கு அதில் இஷ்டம் இல்லை. ஹெல்மெட்டை மாட்டின நிமிஷத்திலேயே மூச்சு முட்டும். சொந்த மூச்சின் சூடு முகத்தில் திரும்பி அடிக்கும். கழுத்துப் பட்டி, மார்புக் கவசம், முழங்கால் வரை பூட்ஸ் என்று ஒவ்வொன்றாக அவளே இழுத்துக் கட்டிவிடுவாள். கட்டி முடிக்கும்போது எனக்கு ஏதோ பார்சல் போல இருக்கும். இடது மணிக்கட்டில் ஒரு சுருள் கயிறு. அதன் மறுமுனை வண்டியில் செருகியிருக்கும். நாம் தூக்கி எறியப்பட்டால் கயிறு பிடுங்கிக்கொண்டு எஞ்சின் நின்றுவிடும். அந்தக் கயிற்றை மாட்டும்போதெல்லாம், தூக்கி எறியப்படுவதற்கு முன்கூட்டியே கையெழுத்துப் போடுகிறேன் என்று தோன்றும்.

நேர்ப்பாதையில் எனக்குப் பிரச்சினை இல்லை. வளைவுதான் பிரச்சினை. மோட்டார் சைக்கிள் வளைவில் சாய்ந்துகொடுக்கும், இது சாயாது. சாய வேண்டியது ஓட்டுகிறவன். உடம்பை உள்பக்கம் இறக்கி, வெளிப்பக்கத்துக் காலை மிதியில் அழுத்தி ஊன்ற வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் உள்பக்கச் சக்கரங்கள் தரையைவிட்டு எழும். அவை எழுகிற மாதிரி லேசாகத் தெரிந்ததும் என் வலது கை தானாகவே பிரேக்கைப் பிடித்துவிடும். பிடிக்கவே கூடாத இடம் அதுதான்.

அவள் பொறுமையாகத்தான் சொல்லிக்கொடுத்தாள். காரில் போகும்போது, சாப்பிடும்போது, ஒரு தடவை கோயில் பிரகாரத்தில் நடக்கும்போதுகூட. நேராகப் போகும்போதே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். முன்சக்கர பிரேக்குக்கு இரண்டு விரல், பின்சக்கரத்துக்கு வலது கால். முதலில் மெதுவாகத் தொட்டு, பாரம் முன்சக்கரங்களுக்கு வந்து அவை மண்ணைக் கவ்வியது தெரிந்தபிறகு அழுத்த வேண்டும். ஹேண்டிலைத் திருப்ப ஆரம்பிக்கும்போது விரலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட வேண்டும். வளைவின் நடுவில் பிரேக்கும் இல்லை, ஆக்ஸிலரேட்டரும் இல்லை. வண்டி சும்மா உருளும். வெளியேறும் வழி கண்ணில் பட்டதும் கட்டைவிரலால் ஆக்ஸிலரேட்டரைத் தள்ள வேண்டும்.

"நடுவுல சும்மா இருக்கறதுதான் கஷ்டம்" என்பாள். "பயப்படறதா இருந்தா வளைவுக்கு முன்னாடியே பயந்து முடிச்சுடுங்கோ. உள்ள நுழைஞ்சப்பறம் பயப்படறதுக்கு இடமில்லை, கேட்டேளா."

எனக்கு அது நன்றாகப் புரிந்தது. ஆனால் புரிந்தது தலைக்கு, கைக்கு இல்லை. ஒவ்வொரு வளைவிலும் நடுவில் பிடித்தேன். வண்டி உதறும், முன்சக்கரம் மண்ணை உழும், நான் கிட்டத்தட்ட நின்று, பிறகு உருட்டிக்கொண்டு வெளியே வருவேன். பாதையை நடத்துகிறவர் முன்பு லாரி வைத்திருந்தவர், எல்லோரையும் சாரே என்பவர். சாரே, வளைவில் பிடிக்கண்டா, பிடிக்க வேண்டாம் என்று அவரும் வேலியருகே நின்று கத்துவார். நான் கை ஆட்டுவேன். சுற்று முடிந்ததும் எல்லோரும் வருகிற வாசல் வழியாக வரமாட்டேன். வண்டி கழுவுகிற இடத்துக்குப் பின்பக்கமாக ஒரு குறுக்குப் பாதை உண்டு. அதில் இறங்கி, வண்டியைத் தண்ணீர்க் குழாயடியில் விட்டுவிட்டு நேரே டீக்கடைக்குப் போய்விடுவேன். அவளும் என்னை அங்கேதான் தேடி வருவாள். அது வழக்கமாகிவிட்டது.

துலா மாதம், நம் ஐப்பசி. அந்த மாதத்தில் மலைப்பக்கம் காலையில் வெயில் நன்றாக அடிக்கும், மத்தியானத்துக்கு மேல் இருட்டிக்கொண்டு வரும். அன்றைக்கும் அப்படித்தான். சாப்பாட்டுக்குப் பிறகு மெதுவாக ஓட்டுகிறவர்களுக்கு ஒரு பயிற்சி. அது முடிந்தவுடன் வேகமாக ஓட்டுகிறவர்களுக்கு. நான் மெதுவானவர்களில் கடைசி. அவள் அடுத்த கூட்டத்தில், ஹெல்மெட்டோடு வாசலில் காத்திருந்தாள்.

கடைசிச் சுற்றில் ஏதோ ஒரு ரோஷம். எல்லோரும் முன்னால் போய்விட்டார்கள். பாதையில் நான் மட்டும். ஒரு தடவையாவது அவள் சொன்னதுபோல் செய்து பார்ப்போம் என்று நினைத்தேன். தோட்டத்தின் பின்பக்கம் ஒரு நீளமான இறக்கம் உண்டு. அதன் முடிவில் ஒரு பெரிய ஆஞ்சிலி மரம். அதைத் தாண்டினதும் பாதை இடதுபக்கம் திரும்பும். மரத்துக்கு முன்பே பிரேக் பிடிக்க வேண்டும். நான் வேகமாக இறங்கினேன். மரம் வந்தது. விரலை வைத்தேன், வண்டி தலையைத் தாழ்த்தியது. அந்தத் தாழ்வே எனக்குப் பயமாகி, விரலை எடுத்துவிட்டேன். வேகம் குறையவே இல்லை. ஹேண்டிலைத் திருப்பினேன். இடதுபக்கச் சக்கரங்கள் எழுந்தன. நான் முன்சக்கர பிரேக்கை இறுகப் பிடித்தேன்.

வலதுபக்க முன்சக்கரம் ஏதோ தடத்தில் குத்தி நின்றது. பின்பக்கம் நிற்கவில்லை. அது என் தலைக்கு மேலாக வந்தது. வளைவின் வெளிவிளிம்பில் மண்ணை அணைத்து வரப்புப்போலப் போட்டிருந்தார்கள். அதன் மேலாக நான் போனேன், எனக்குப் பின்னால் வண்டியும் வந்தது.

கண்ணைத் திறந்தபோது வரப்புக்குப் பின்னால் மழைத்தண்ணீர் போக வெட்டியிருந்த சாலில் மல்லாந்து கிடந்தேன். ஓர் ஆள் படுக்கிற அகலம்தான் அது. இரண்டு பக்கமும் கம்யூனிஸ்ட் பச்சை என்று இங்கே சொல்கிற செடி ஆளுயரத்துக்கு மண்டி, மேலே கூரைபோல மூடியிருந்தது. வண்டி பக்கவாட்டில் என்மேல் சரிந்திருந்தது. அதன் கால்மிதிச் சட்டத்துக்கும் சாலின் சுவருக்கும் நடுவில் என் வலது கால். கயிறு பிடுங்கிக்கொண்டதால் எஞ்சின் நின்றிருந்தது. சத்தமே இல்லை. காலை இழுத்துப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே ஏதோ நெறுநெறுத்தது, கண் இருட்டிக்கொண்டு வந்தது. மறுபடி இழுக்கவில்லை.

மூச்சு முட்டியது. முதல் வேலையாக ஹெல்மெட்டைக் கழற்றினேன். இடது தோளில் குத்துவலி. வண்டியை இரண்டு கையாலும் தள்ளிப் பார்த்தேன். அது அசைந்து, அசைந்த அளவுக்கு இன்னும் கீழே இறங்கியது. அதற்கப்புறம் அதைத் தொடவே பயமாக இருந்தது. டாங்க் மூடி ஓரமாகப் பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சொட்டும் என் இடுப்பருகே சேற்றில் விழுந்தது.

யாராவது வருவார்கள் என்றுதான் முதலில் இருந்தேன். பிறகு ஒவ்வொன்றாக யோசித்தேன். வாசலில் கொடி பிடிக்கிறவர் என்னைத் தேடமாட்டார். சார் வழக்கம்போல் குறுக்குப் பாதையில் போய்விட்டார் என்றுதான் நினைப்பார். நான் டீக்கடையில் இருப்பதாக அவள் நினைப்பாள். டீக்கடைக்காரருக்கு நான் வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான். போன் காரில். யார் கண்ணிலும் படாமல் இருக்க நான் செய்துவைத்திருந்த ஏற்பாடுகள் எல்லாம் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தன.

அப்புறம் அடுத்த கூட்டத்தை விட்டார்கள். இறக்கத்தின் மேலிருந்து எஞ்சின்கள் இறங்கி வருவது தரை வழியாகவே முதுகில் தெரிந்தது. நான் கத்தினேன். தலைக்குச் சற்று மேலே, வரப்புக்கு அந்தப்பக்கம், ஒன்றன்பின் ஒன்றாக அவர்கள் போனார்கள். மண்கட்டிகள் செடிகளின் மேல் தெறித்து என் முகத்தில் விழுந்தன. இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர்கள் போனபிறகு தோட்டம் முன்பைவிட அமைதியாக இருந்தது. இரண்டாவது தடவையும் கத்தினேன். மூன்றாவது தடவை தொண்டை கட்டிவிட்டது.

மழை பிடித்துக்கொண்டது. துலா மழை தூறலாக ஆரம்பிக்காது. ஒரேயடியாகக் கொட்டும். சால் எதற்காக வெட்டப்பட்டதோ அந்த வேலையைச் செய்ய ஆரம்பித்தது. முதலில் முதுகுக்கடியில் சிவப்பாக ஓர் ஓட்டம். பிறகு அது தோள்பட்டைக்கு ஏறியது. தலையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டிருந்ததில் கழுத்து நடுங்கியது. இடது கையில் ஓர் அட்டை ஏறி, கையுறைக்கும் சட்டைக்கும் நடுவில் இடம் பார்த்துக்கொண்டிருந்தது. அதைத் தட்டிவிடக்கூடத் தோன்றவில்லை. மழைக்குப் பயந்து பயிற்சியை நிறுத்திவிடுவார்களோ என்பதுதான் அப்போது இருந்த ஒரே பயம். நிறுத்திவிட்டால் இந்தப் பக்கம் ஒருவரும் வரமாட்டார்கள்.

நிறுத்தவில்லை. மண் பாதைக்காரர்களுக்கு மழை பிடிக்கும். மறுபடி இறங்கி வந்தார்கள். கத்த முடியாததால் இந்தத் தடவை கேட்டுக்கொண்டு கிடந்தேன். கேட்கக் கேட்கத்தான் ஒன்று பிடிபட்டது. ஒவ்வொருவர் வருவதும் ஒவ்வொரு மாதிரி. ஒருவர் மரத்துக்கு அப்புறம்தான் பிரேக்கைப் பிடிப்பார். சக்கரம் பூட்டிக்கொண்டு மண்ணில் இழுபடும், எஞ்சின் உறுமிக்கொண்டே இருக்கும். இன்னொருவர் வளைவு முழுவதும் ஆக்ஸிலரேட்டரை விட்டு விட்டுத் தட்டுவார். ஒரே ஒரு வண்டி மட்டும் மரத்துக்கு வெகுமுன்பே சத்தத்தைக் குறைத்தது. பிறகு ஒரு கணம் எதுவுமே இல்லை. மழைச் சத்தமும், சக்கரம் உருளுகிற சத்தமும் மட்டும். அதற்கப்புறம் எஞ்சின் எழுந்து தூரமாகப் போனது.

அது அவள்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. நடுவில் சும்மா இருப்பது அவள் ஒருத்திக்குத்தான் முடியும்.

அந்த ஒரு கணம்தான் எனக்கு இருந்த இடைவெளி. குரல் இல்லை. ஹெல்மெட்டைக் கையில் எடுத்து வண்டியின் முன்பக்க இரும்பு பம்பரில் அடித்துப் பார்த்தேன். பொத்தென்று கேட்டது. ஹெல்மெட்டின் தாடைப் பக்கத்தில் உலோகக் கொக்கி இருந்தது. அது படும்படி அடித்தால் கணீரென்றது. காத்திருந்தேன். அடுத்த சுற்றில் அவசரப்பட்டு, முன்னால் வந்த வேறொருவருக்கு அடித்துத் தீர்த்தேன். தோள் செத்துவிட்டது, அவள் வந்தபோது கை எழவில்லை. அவளுடைய அந்த அமைதி என் தலைமேலாகப் போனது. நான் அழுதேன்.

தண்ணீர் காதுக்கு வந்திருந்தது. ஒரு காது மூழ்கினால் அந்தப் பக்கத்துச் சத்தம் தெரியாது என்பதால் தலையை ஒருக்களித்து மேல்காதை மட்டும் வெளியே வைத்துக்கொண்டேன். மற்றவர்களைப் போக விட்டேன். சத்தம் குறைந்தது. இடைவெளி வந்தது. அடித்தேன், மறுபடி அடித்தேன், கொக்கி தெறித்துவிடும்போல அடித்தேன்.

எஞ்சின் எழுந்தது. ஆனால் தூரமாகப் போகவில்லை. கொஞ்சம் தள்ளி நின்றது, பிறகு அணைந்தது. நான் அடிப்பதை நிறுத்தவில்லை.

பின்னால் அவள் சொன்னது இது. தன் வண்டியின் பிரேக் தட்டு கழன்று அடிக்கிறது என்றுதான் நினைத்தாளாம். ஓரமாக நிறுத்தி, இறங்கிக் குனிந்து சக்கரத்தைப் பார்த்திருக்கிறாள். எல்லாம் சரியாக இருந்தது. வண்டி நின்றபிறகும் வரப்புக்கு அந்தப்பக்கமிருந்து சத்தம் கேட்டது.

"ஏன்னா?" என்று ஒரு குரல் வந்தது. அவ்வளவு சின்னக் குரலில் அவள் என்னைக் கூப்பிட்டதே இல்லை.

செடிகளை விலக்கிக்கொண்டு அவள் முகம் தெரிந்தது. சாலுக்குள் இறங்கி, தன் தொடையை என் தலைக்கடியில் முட்டுக் கொடுத்தாள். தன் ஹெல்மெட்டைக் கழற்றி வரப்பின்மேல் பாதைக்கு நேராக வைத்தாள், அடுத்து வருகிறவர் பார்த்து நிறுத்துவதற்கு. அப்புறம் என் தாடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "வாயை மூடிண்டு மூக்கால மூச்சு விடுங்கோ" என்றாள், நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நோயாளியிடம் சொல்வதைப்போல. கை கனமில்லாமல்தான் இருந்தது.

நாலைந்து பேர் சேர்ந்து வண்டியைத் தூக்கினார்கள். கெண்டைக்கால் எலும்பு இரண்டு இடத்தில் விட்டிருந்தது. ஆபரேஷன், தகடு, மாவுக்கட்டு.

எங்கள் ஜாகை மாடியில். பழைய அக்ரஹாரத்து வீடு, கீழே வேறு குடித்தனம். மாடிப்படி செங்குத்தாக, ஓர் ஆள் தோளை ஒருக்களித்து ஏறுகிற அகலம். என்னைத் தூக்கி மேலே கொண்டு சேர்த்தவர்கள், கட்டுப் பிரிக்கிறவரை இறங்க நினைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நானும் இறங்கவில்லை. தெருப்பக்கம் ஒரு ஜன்னல், அதன் எதிரே கட்டில். காலையில் அவள் கிளினிக்குக்குப் போகும்போது கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போவாள். யாராவது வந்தால் எழுந்து திறக்க முடியாது என்பதற்காகத்தான் அது. ஆனால் பூட்டு விழுகிற சத்தம் கேட்டதும் தோளுக்குத் தண்ணீர் ஏறுவதுபோல இருக்கும். சாவியை உள்ளேயே வைத்துவிட்டுப் போ என்று சொல்ல வேண்டும் என்று தினமும் நினைத்தேன். அவளுக்கு என்னவோபோல் ஆகிவிடும் என்று தினமும் விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் மட்டும் போய்வந்தாள். நான்தான் போகச் சொன்னேன். திரும்பி வந்தால் பேச்சுக் குறைவு. எப்படி இருந்தது என்று கேட்டால், பரவாயில்லை என்கிற மலையாள அர்த்தத்தில் குழப்பமில்லை என்பாள். கட்டுப் பிரித்து, ஊன்றுகோலோடு நடக்க ஆரம்பித்தபின் ஒருநாள் நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று அவள் சொன்ன வேகம் எனக்கு விசித்திரமாக இருந்தது. பிடிவாதமாகக் கிளம்பினேன்.

வேலியோரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அங்கிருந்து ஆஞ்சிலி மரம் தெரியாது, கேட்கத்தான் முடியும். கேட்டேன். அவள் சத்தம் மரத்துக்கு முன்பு குறைந்தது. ஆனால் அப்புறம் அந்த அமைதி வரவில்லை. பிரேக்கையும் விடாமல் ஆக்ஸிலரேட்டரையும் விடாமல், எஞ்சின் கரகரவென்று வளைவு முழுவதும் திணறியது. எல்லாச் சுற்றிலும் அதே மாதிரி. வெளியே வரும்போது முன்னால் போனவர்கள் எங்கேயோ இருந்தார்கள். பாதை நடத்துகிறவர் என் பக்கத்தில் வந்து நின்று, உங்களுக்குக் கட்டுப் போட்ட நாளிலிருந்தே டாக்டர் அந்த வளைவில் மட்டும் இப்படித்தான் என்று மெதுவாகச் சொன்னார்.

திரும்பி வரும்போது காரில் கேட்டேன். நெடுமங்காடு தாண்டினோம். அப்புறம் சொன்னாள். நடுவில் சும்மா உருளுகிற அந்தக் கணம் இப்போது அவளுக்குப் பிடிக்கவில்லை. அமைதி வந்ததும் காது தானாக வெளிப்பக்கம் போய்விடுகிறது. சத்தம் கேட்கிறதா என்று பார்க்கிறது. அதனால் அமைதியே வராமல் பார்த்துக்கொள்கிறாள். "எத்தனை தடவை உங்க மேலயே போயிண்டிருந்தேன்" என்றாள். "அதை நெனச்சா கை விடமாட்டேங்கறது."

எனக்கு அவளை எப்படியாவது அதிலிருந்து இழுத்துவிட வேண்டும்போல இருந்தது. அது உன் தப்பு இல்லை, நான் அங்கே வந்திருக்கவே கூடாது என்று சொல்ல வந்தேன். அதோடு சேர்ந்து மற்றதும் வாயில் வந்துவிட்டது. "நேக்கு ஓட்டறதுல இஷ்டமே கிடையாது. மொதல் நாள்லேருந்தே."

அவள் காரை ஓரமாக நிறுத்தினாள். தெரிந்துதான் இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். தெரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது.

"எல்லா ஞாயித்துக்கிழமையும் சந்தோஷமாத்தான் வரேள்னு நெனச்சேன்" என்றாள். "ரெண்டு பேரும் சேர்ந்து பண்றதுன்னு நமக்கு இது ஒண்ணுதானே இருந்தது."

அதற்கப்புறம் சில வாரங்கள் அந்த மாடி வீடு ரொம்பச் சின்னதாகிவிட்டது. சண்டை இல்லை. காபி வரும், மாத்திரை வரும், தலையணை சரிசெய்யப்படும். ஒரே அறையில் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் இடித்துவிடாமல் நடந்தோம். அவள் தோட்டத்துக்குப் போவதையும் நிறுத்திவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேரும் எழுந்து, எங்கேயும் போகாமல், ஜன்னலண்டை உட்கார்ந்திருப்போம். நான் மனசுக்குள் விரும்பியிருந்த ஞாயிற்றுக்கிழமை அதுதான். சகிக்கவில்லை.

மழை நின்று, பாதை காய்ந்து, ரேஸ் அறிவிப்பு மறுபடி வந்தது. அதை அவள் என்னிடம் சொல்லவில்லை. பாதை நடத்துகிறவர் எனக்கே போன் செய்தார். ஜோடியாக வேண்டாம், தனியாக ஓட்டுகிற பிரிவில் டாக்டர் வரட்டும் என்றார். நான் அதை அவளிடம் சொன்னேன். சொல்லிவிட்டு, போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. அது மட்டும் நான் சரியாகச் செய்தேன் என்று நினைக்கிறேன். இரண்டு நாள் கழித்து, கிளினிக்கிலிருந்து வந்தவள் பூட்ஸை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ரேஸுக்கு முந்தின நாள் இரண்டு பேரும் அந்த வளைவுக்கு நடந்தே போனோம். அவள்தான் கேட்டாள். சால் காய்ந்து வெடித்திருந்தது. செடியை வெட்டிவிட்டு, வரப்பை உயர்த்திப் பழைய டயர்களை அடுக்கியிருந்தார்கள். அவள் உள்ளே இறங்கி, நான் கிடந்த இடத்தில் மல்லாந்து படுத்தாள். நான் வேண்டாம் என்றேன். கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். பிறகு எழுந்து முதுகைத் தட்டிக்கொண்டு, "இங்கேருந்து ஒண்ணுமே தெரியலை" என்றாள். அவ்வளவுதான். ஏறி வர அவளுக்குக் கை கொடுத்தேன்.

மறுநாள் முதல் இரண்டு சுற்றில் அதே திணறல்தான். கடைசியில் இருந்தாள். மூன்றாவது சுற்றிலா நான்காவதிலா என்று நிச்சயமில்லை, சத்தம் குறைந்தது, அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. நான் எழுந்து நின்றுவிட்டேன், கால் வலியோடு. பிறகு எஞ்சின் எழுந்தது, சுத்தமாக. அதற்கப்புறம் எல்லாச் சுற்றிலும் அப்படி இல்லை, சிலதில் பழையபடி இழுத்தது. ஆறாவதாக வந்தாள். இறங்கி வந்தபோது ஹெல்மெட்டுக்குள் முகமெல்லாம் வேர்வை. "நேக்கு அந்த வளைவு எப்பவுமே பயம்தான், முன்னாடியும்" என்றாள். எனக்கு அது புதிய செய்தி.

இப்போது அவள் போகிறாள், சில சமயம் நானும் போகிறேன். வண்டியில் ஏறுவதில்லை. என் ஆபீஸில் லிப்ட் இருக்கிறது. அதன் கதவு மூடும்போது இன்னும் கால் வேர்க்கிறது. தகடு வைத்த காலோடு படியேறிப் போகிறேன். கேட்கிறவர்களிடம் எக்ஸர்சைஸ் என்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது வரேளா என்று கேட்டாள். இல்லை, தூங்கப் போகிறேன் என்றேன். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். சரி என்று சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு, படியிறங்கிப் போனாள். கார் தெருமுனை திரும்புகிற சத்தம் கேட்டது. தூக்கம் வரவில்லை. எழுந்து கதவைத் திறந்துவைத்துவிட்டு, காற்று வரட்டும் என்று கொஞ்ச நேரம் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தேன்.